எழுத்தும் சாட்சியும்



ரமளான் மாதம் நிறைவெய்திப் பெருநாள் நெருங்கும்போது நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ‘ஃபித்ரா அரிசி எவ்வளவு கொடுக்க வேண்டும்?’ என்பதே அது. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவந்த அத்தா ஓர் அளவைச் சொல்வார். அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் தொலைபேசியில் வேறோர் அளவைச் சொல்வாள். இருவர் சொல்வதும் ‘ஸாஃ’ என்னும் அரபு நாட்டு முகத்தலளவையிலிருந்து பிறந்த கணக்குத்தான். பெயர் ஒன்றாயிருக்க அளவு மட்டும் ஏன் இரண்டாயிற்று?

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கரும், கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் தலைமைக் காழியாக விளங்கியவருமான இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள், ஈராக்கியர் வழக்கப்படி ஒரு ஸாஃ என்பது 8 ரத்ல் எடை கொண்டது என்றே கருதியிருந்தார்கள். மதீனா நகருக்கு வந்தபோதோ, அங்குள்ள மக்களின் ஸாஃ ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் கொண்ட ரத்ல் எடைதான் என்று கேள்வியுற்றார்கள். ‘இதற்குச் சான்று என்ன?’ என வினவினார்கள். மறுநாள் முஹாஜிரீன்கள், அன்ஸாரிகள் ஆகியோரின் வழிவந்த முதியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் தத்தம் வீட்டிலிருந்த ஸாஃ அளவைகளை மேலாடைக்குள் வைத்து எடுத்து வந்தனர். தம் தந்தையரிடமிருந்து வழிவழியாய் வந்தது இது என்று ஒவ்வொருவரும் சாட்சி கூறினர். இமாமவர்கள் அவற்றை அளந்து பார்த்தார்கள். எல்லாம் ஒத்திருந்தன. தம் முந்தைய கருத்தை அங்கேயே கைவிட்டார்கள். ஃபிக்ஹு உலகில் புகழ்பெற்ற நிகழ்ச்சி இது.

எனினும் கருத்து வேறுபாடு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் ஃபித்ரா அளவு இன்றும் வேறுபடுவதற்கு இந்த ஸாஃ கணக்கும் ஒரு காரணமாகும். அதில் தீர்ப்புச் சொல்வது இப்பகுதியின் வேலையன்று. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிக. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அவ்வளவு பெரிய அறிஞர், ‘ஸாஃ என்றால் ஸாஃதானே!’ என்று வாளாவிருந்துவிடவில்லை. தம் கருத்தை நிலைநாட்ட வாதாடிக்கொண்டும் இருக்கவில்லை. அளவைகளை வரவழைத்து அளந்து பார்த்தார்கள்.

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்குப் பின்னர், அறிவியலில் தலைசிறந்தது என்று போற்றப்படும் ஒரு நிறுவனத்தில் இதே போன்றதோர் அளவைச் சிக்கல் எழுந்தது. அங்கே எவரும் அளந்து பார்க்கவில்லை. விளைவு, சுமார் 12.5 கோடி டாலர் செலவில் உருவான விண்கலம் ஒன்று செவ்வாய்க் கோளின் வானில் அழிந்துபோயிற்று.

முழுமை என்பது யாது?

அந்தக் கதைக்குள் நுழையுமுன் சிறிது விளக்கம் தேவை. பல உறுப்புகள் ஒன்றுகூடி, எந்த உறுப்பும் தனியே செய்யவியலாத ஒரு பணியைச் செய்யுமானால், அக்கூட்டை ‘அமைப்பு’ என்பர். ஆங்கிலத்தில் இதனையே சிஸ்டம் என்கிறார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு, மோட்டார், குழாய், மாடித் தொட்டி ஆகியவற்றுள் எது தனியே நின்று உங்கள் ஒளுவுக்குத் தண்ணீர் தரும்? எல்லாம் சேர்ந்தால்தான் தரும்.

இன்னென்ன உறுப்புகள் வேண்டும், எது எங்கே நிற்கும், எதிலிருந்து எதற்கு என்ன செல்லும் என்று முன்கூட்டியே வகுப்பது கட்டமைப்பு. இரண்டு உறுப்புகள் சந்திக்கும் இடம் இடைமுகம். உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்ந்த பின்னும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்ப்பது ஒருங்கிணைப்பு. இவ்வளவையும் எவர் செய்வது, எவருக்கு எவர் பதில் சொல்வது என்று ஒழுங்குபடுத்துவது திட்டப்பணி அமைப்பு. பெரிய தொழிற்சாலைகளிலும் கணினி நிறுவனங்களிலும் நம் பிள்ளைகள் செய்துவரும் பணிகளுள் பெரும்பகுதி இந்த நான்கினுள் அடங்கிவிடும்.

இவற்றுள் மிகவும் வலுவற்ற இடம் எது? குழாய் பெரும்பாலும் நடுவில் ஒழுகுவதில்லை. இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில்தான் ஒழுகும். விண்கலமும் அவ்வாறே ஒழுகிற்று.

செவ்வாயை நோக்கி

1998ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவின் நாசா நிறுவனம் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் கலத்தை விண்ணில் செலுத்தியது. செவ்வாயைச் சுற்றிவந்து அதன் காற்று மண்டலத்தையும் தட்பவெப்பத்தையும் ஆராய்வது அதன் பணி. கலத்தை உருவாக்கியது கொலராடோ மாநிலத்தின் டென்வர் பகுதியிலுள்ள லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். அதன் பாதையைக் கணித்து வழிநடத்தியது கலிஃபோர்னியாவின் பாசடேனா நகரிலுள்ள ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடம். ஒரு கலம், இரண்டு ஊர், இரண்டு குழு. இதுவே இக்கதையின் மூட்டு.

அக்கலத்தின் சூரிய ஒளித் தகடு ஒரு பக்கத்தில் மட்டுமே நீண்டிருந்தது. சூரிய ஒளிக்கும் மிக மெல்லிய தள்ளும் ஆற்றல் உண்டு. அது ஒரு பக்கத் தகட்டில் பட்டுக் கலத்தை மெல்லத் திருப்ப முயலும். கலத்தினுள் சுழலும் சக்கரங்கள் அத்திருப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். சக்கரங்களின் வேகம் மிகுந்துவிட்டால், சிறிய உந்துபொறிகளைச் சில விநாடிகள் இயக்கி அவ்வேகத்தைத் தணிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அவ்வாறு செய்யும்போதும் கலம் தன் பாதையிலிருந்து இம்மியளவு நகரும். இந்தத் தணிப்பு, எதிர்பார்த்ததைக் காட்டிலும் 10 முதல் 14 மடங்கு அதிகமான தடவைகள் தேவைப்பட்டது. தகட்டை ஒரு பக்கம் வைப்பது கட்டமைப்பில் எடுத்த முடிவு. அதன் சுமை விழுந்ததோ, தொலைவில் அமர்ந்து பாதையைக் கணித்தவர்களின் தோளில்!

ஒவ்வொரு தள்ளலும் எவ்வளவு என்பதைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதும். பாதை கணிப்போர் அக்கோப்பைப் படித்துத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வர். ‘சிறு விசைகள்’ என்பதே அக்கோப்பின் பெயர்.

எழுதியவர் ஓர் அளவையில் எழுதினார். படித்தவர் வேறோர் அளவையில் படித்தார். எழுதப்பட்டது பவுண்டு விசைக் கணக்கில். படிக்கப்பட்டது நியூட்டன் கணக்கில். ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டனுக்குச் சமம். எனவே ஒவ்வொரு தள்ளலும் உண்மையில் இருந்ததைவிட நாலரை மடங்கு குறைவாகவே கணக்கில் ஏறியது. வியப்பு என்னவெனில், பவுண்டு என்னும் எடையை நம் முன்னோர் ‘ராத்தல்’ என்றே வழங்கினர். அச்சொல் ‘ரத்ல்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். அபூ யூஸுஃப் இமாம் அவர்கள் அளந்து பார்த்த அதே பெயர்!

ஒன்பதரை மாதப் பயணத்தில் இச்சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே வந்தன. 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் கலம் செவ்வாயை அடைந்தது. தரைக்கு மேலே 226 கிலோமீட்டர் உயரத்தில் நெருங்கிச் சென்று சுற்றுப்பாதையில் புகுவதாகத் திட்டம். செவ்வாயின் பின்புறம் மறையும் கலத்தின் ஒலிக்குறிப்பு, எதிர்பார்த்த நேரத்துக்கு 49 விநாடி முன்னதாகவே நின்றுபோயிற்று. மறுபுறம் வெளிவந்து மீண்டும் ஒலிக்கும் என்று காத்திருந்தார்கள். அது ஒலிக்கவேயில்லை. பின்னர் கணக்கிட்டபோது, கலம் சென்ற உயரம் வெறும் 57 கிலோமீட்டர் என்று தெரிந்தது. 80 கிலோமீட்டருக்குக் கீழே சென்றால் காற்று மண்டலத்தின் உராய்வைத் தாங்க அதனால் இயலாது.

ஐயம் எழுந்தது, ஆனால்...

‘அளவையை எழுதிவைக்காததால் வந்த வினை’ என்றுதானே எண்ணுகிறீர்கள்? இல்லை. எழுதிவைத்திருந்தார்கள்! அக்கோப்பு எப்படி அமைய வேண்டும் என்று வரையறுத்த இடைமுக ஆவணம் இருந்தது. மெட்ரிக் அளவையே பயன்பட வேண்டும் என்று அது தெளிவாகக் கூறியது. மென்பொருள் எழுதியவர்கள் அதன்படி எழுதவில்லை. எழுதியது ஆவணப்படி இருக்கிறதா என்று எவரும் ஒத்துப் பார்க்கவும் இல்லை. தரையில் இயங்கும் மென்பொருளுக்குப் போதிய சோதனை நடத்தப்படவில்லை.

பிழையைப் பிடிக்க வேறு வாய்ப்புகளும் வாய்த்தன. முதல் நான்கு மாதங்கள் அக்கோப்பின் வடிவத்தில் இருந்த குறைகளால் அது பயன்படவில்லை. தகவல்கள் மின்னஞ்சலில் வந்தன. 1999 ஏப்ரலில் கோப்பைப் பயன்படுத்தத் தொடங்கியதுமே, எண்கள் பொருந்தவில்லை என்று பாதை கணிப்போருக்குத் தோன்றியது. எனினும், பிழையான அத்தள்ளல் பூமியிலிருந்து நோக்கும் நேர்கோட்டுக்குப் பெரும்பாலும் குறுக்காக அமைந்திருந்தமையால் அதனை உறுதிப்படுத்துவது எளிதாயில்லை. அவர்கள் தம் ஐயத்தை நேரிலும் மின்னஞ்சலிலும் சொன்னார்களேயன்றி, பதிவேட்டில் ஏற்றி, ‘இதற்கு விடை கிடைக்கும்வரை விடமாட்டோம்’ என்று முறைப்படி கேட்கவில்லை. சொல்லப்பட்ட ஐயம் காற்றோடு போயிற்று.

கடைசி வாரத்தில் நெருங்கும் உயரம் 150 முதல் 170 கிலோமீட்டர்தான் இருக்கும் என்று கணக்குச் சொன்னது. கடைசி 24 மணி நேரத்தில் அது சுமார் 110 ஆக இறங்கிற்று. பாதையைத் திருத்த ஐந்தாவது வாய்ப்பு ஒன்று திட்டத்தில் இருந்தது. அதற்கான ஆயத்தம் போதாமையால் அதுவும் கைநழுவிற்று.

நாசா அமைத்த விசாரணைக் குழு 1999 நவம்பர் 10ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. அளவை மாறியதே மூலக் காரணம் என்று கூறியதோடு அது நிற்கவில்லை. துணைக் காரணங்கள் எட்டினையும் அடுக்கியது. பாதை கணித்த குழு ஒரே நேரத்தில் மூன்று விண்கலங்களைக் கவனித்துவந்தது, ஆள் பற்றாக்குறை. கலம் எவ்வாறு உருவானது என்பதை அக்குழு நன்கறியாது. கலத்தை உருவாக்கியோரிடமிருந்து இயக்குவோரின் கைக்குப் பொறுப்பு மாறிய முறை செம்மையாயில்லை. குழுக்களிடையே பேச்சு குறைவு. பயிற்சியும் குறைவு. கூர்ந்து பாருங்கள். இவற்றுள் எதுவும் இயந்திரத்தின் பழுதன்று. எல்லாம் மனிதர்களை ஒழுங்குபடுத்தியதில் நேர்ந்த பழுதே. பிழைபடுவது மனித இயல்பு. அப்பிழையைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய ஏற்பாடு தவறிவிட்டது என்பதை நாசாவின் பொறுப்பாளர்களே ஒப்புக்கொண்டனர்.

நீண்ட வசனத்தின் பாடம்

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மதரஸாவில் ஓதும் பிள்ளை சட்டென்று சொல்லும்: அல் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசும் பொருள் என்ன? தவணைக்குக் கடன் கொடுக்கும்போது எழுதிக்கொள்வது பற்றிய சட்டம்! இறைமறையின் மிக நீண்ட வசனம், இரண்டு மனிதர்களுக்கு இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலைப் பற்றியதாய் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வசனம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்கிறது. சாட்சிகளும் வேண்டும் என்கிறது. சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்கிறது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையாதீர் என்றும் அறிவுறுத்துகிறது. விண்கலத்தின் கதையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எழுத்து இருந்தது. அதற்குச் சாட்சி இல்லை. ஐயுற்றவர்கள் இருந்தார்கள், அவர்களை முறைப்படி அழைத்துக் கேட்டார் இல்லை. ‘சிறு விசை’ என்று பெயரிட்ட ஒன்றே பெருங்கலத்தை விழுங்கியது.

நம் நிகாஹ் மஜ்லிஸிலும் தஃப்தர் உண்டு. இரு சாட்சிகளும் உண்டு. இரு குடும்பங்கள் சேரும் இடமன்றோ அது! சேரும் இடத்துக்கே எழுத்தும் சாட்சியும் மிகுதியாய்த் தேவை என்பதை நம் மார்க்கம் நமக்கு எப்போதோ கற்றுத் தந்துவிட்டது. நாம்தான் அதனைத் திருமண மண்டபத்தோடு விட்டுவிட்டு வருகிறோம்.

உங்கள் வீட்டு வாசலில்

சகோதரிகளே! கணவர் வளைகுடா நாட்டில் உழைக்க, ஊரில் நீங்கள் தனியே நின்று வீடு கட்டும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களே ஒரு திட்டப்பணியின் தலைவி. கொத்தனார் தம் வேலையில் வல்லவர். ஆசாரி தம் வேலையில் வல்லவர். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அவ்வாறே. ஆனால் வீடு முடிந்த பின் பார்த்தால், கதவைத் திறந்ததும் சுவிட்சுப் பெட்டி கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. குளியலறைத் தரை உயர்ந்து, தண்ணீர் கூடத்தை நோக்கி ஓடிவருகிறது. கேட்டால், ‘என் வேலை சரியாகத்தான் இருக்கிறது’ என்று நால்வரும் சொல்வார்கள். நால்வர் சொல்வதும் உண்மையே! பழுது அவர்களுக்கு இடையில் இருக்கிறது. அந்த இடைவெளிக்கு உரியவர் எவரும் இல்லை. பாலைவெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் மீண்டும் சுவரை உடைக்க வேண்டியதாகிறது.

இதனைத் தவிர்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நான்கு பழக்கங்கள் போதும்.

முதலாவது, வேலை தொடங்குமுன் நால்வரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் அமர்த்தி மஷூரா செய்யுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தத் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கும், குழாய் எந்தச் சுவரில் ஏறும் என்று ஒருவர் வேலை மற்றவர் வேலையைத் தொடும் இடங்களை மட்டும் பேசுங்கள். ‘அஷ்ஷூரா’ என்று ஓர் அத்தியாயத்துக்கே பெயர் அமைந்த மார்க்கம் நம்முடையது.

இரண்டாவது, பேசியதை ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அளவையையும் சேர்த்து எழுதுங்கள். அடியா, அங்குலமா, மில்லிமீட்டரா? சுவர்ப் பூச்சுக்கு முன்னா, பின்னா? அளவை இல்லாத எண் பெயர் இல்லாத கடிதம் போன்றது.

மூன்றாவது, எழுதியதற்குச் சாட்சி தேடுங்கள். சாட்சி என்பது இங்கே அளவு நாடா. தரை ஓடு பதிக்குமுன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். செய்தவரே சரிபார்ப்பது போதாது. அடுத்து அவ்வேலையைத் தொடரப்போகிறவர் பார்த்து ‘சரி’ என்று சொல்லட்டும்.

நான்காவதே தலையாயது. ஐயம் கொள்பவரின் வாயை அடைக்காதீர்கள். சித்தாள் வேலைக்கு வந்த பெண், ‘இந்தப் பக்கம் சரிவு இல்லையே, அம்மா!’ என்று சொல்லலாம். பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ‘உனக்கென்ன தெரியும்?’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஐயத்தையும் நோட்டில் எழுதி, விடை கிடைத்த பின்னரே அடியுங்கள். பாசடேனாவில் எழுந்த ஐயம் ஒரு நோட்டில் ஏறியிருந்தால், அக்கலம் இன்னும் பல ஆண்டுகள் செவ்வாயைச் சுற்றியிருக்கக்கூடும்.

வீட்டுக்குச் சொன்னதே வலீமா விருந்துக்கும், ஜமாஅத் கட்டடப் பணிக்கும், கூட்டு வாணிபத்துக்கும் பொருந்தும். வேலை எவருடையது என்று கேட்பதோடு நில்லாமல், இரண்டு வேலைகளுக்கு இடையிலுள்ள இடம் எவருடையது என்றும் கேளுங்கள். அதற்கு ஒருவர் பெயரை எழுதுங்கள். பொறுப்பு என்பது அமானிதம்; பெயரில்லாத அமானிதத்தை எவரும் பேணுவதில்லை.

தோல்வியோடு இக்கதை முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாசா தன் பிழையை மறைக்காமல் ஊரறிய எழுதி வெளியிட்டது, பாடமும் கற்றது. அடுத்ததாக அது அனுப்பிய ‘மார்ஸ் ஒடிசி’ என்னும் கலம் 2001ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் செவ்வாயைச் சுற்றும் பாதையில் செம்மையாகப் புகுந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரிந்தது. தவற்றை ஒப்புக்கொண்டு கருத்தை மாற்றிக்கொள்வது இழுக்கன்று. ஐம்பது அளவைகளைக் கண்டு தம் சொல்லை மாற்றிக்கொண்ட இமாமவர்களின் மதிப்பு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதனால் உயர்ந்தே நிற்கிறது.

நம் செயல்களைச் செம்மையாகச் செய்யவும், ஒருவருக்கொருவர் உண்மைச் சாட்சிகளாய் விளங்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக, ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.